மும்பையில் ஓடும் தேடல், கும்பகோணத்தில் இருக்கும் கோப்பு: ஓப்பன்சர்ச்சை டெராஃபார்மால் நிர்வகித்த அனுபவம்

கும்பகோணத்தில் மூன்று பேர் கொண்ட எங்கள் குழு, விதைநெல் எந்தக் கடையில், எந்த உழவரிடம் இருப்பில் உள்ளது என்று தேடித் தரும் ஓர் இணையதளத்தை நடத்தி வருகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் விதைக்கடைக்காரர்கள் தங்கள் இருப்பைப் பதிவு செய்கிறார்கள்; விதைப்புக்கு முந்தைய வாரங்களில் விவசாயிகள் கைபேசியில் தேடுகிறார்கள். அந்தத் தேடலைச் செய்து தருவது அமேசானின் ஓப்பன்சர்ச் சேவை. இயந்திரங்கள் மும்பைப் பகுதியில் ஓடுகின்றன. அவற்றைக் கட்டவும் மாற்றவும் 2024 தொடக்கத்திலிருந்து டெராஃபார்ம் என்ற கருவியையும், பிறகு அதிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபுவையும் பயன்படுத்தி வருகிறோம். சிறு ஊரில், சிறு குழுவாக, இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேடல் சேவையின் கட்டடத்தை, அதாவது நோடுகள் (தேடலைத் தாங்கும் கணினிகள்), வட்டு, வலையமைப்பு, அனுமதிகள் ஆகியவற்றை இந்தக் கருவியிடம் முழு நம்பிக்கையோடு ஒப்படைக்கலாம். கட்டடத்துக்குள் இருக்கும் இண்டெக்ஸ்களை, அதாவது தேடலுக்காகப் பதிந்து வைத்த தரவுத் தொகுப்புகளை, ஒப்படைக்கக் கூடாது.

சர்வரை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்த பிறகு, டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். மழையோ புயலோ வரும்போதுதான் விவசாயிக்குத் தகவல் அதிகம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் அணைந்து போகிற பெட்டியை நம்பித் தளம் நடத்த முடியாது. ஆகவே கிளவுட் என்பதில் எங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. முதலில் எங்களுக்கு இதை அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர், அமேசானின் கன்சோலை (நிர்வாக இணையப் பக்கத்தை) திறந்து, கையால் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து டொமைனை (இந்தச் சேவையில் ஒரு தேடல் தொகுதிக்கு அந்தப் பெயர்) கட்டினார். வேலை நன்றாகவே இருந்தது. ஆனால் எதை, ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் இல்லை. அவர் வேறு வேலைக்குப் போன பிறகு, ஒரு அனுமதிக் கொள்கையைத் திருத்துவதற்குக்கூட எங்களுக்குக் கை நடுங்கியது.

டெராஃபார்ம் இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது. 2014-இல் ஹாஷிகார்ப் நிறுவனம் வெளியிட்ட இந்தக் கருவியில், நமக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். உண்மையில் என்ன இருக்கிறது என்பதைக் கருவி போய்ப் பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டியலிட்டு, இவற்றைச் செய்யட்டுமா என்று நம்மிடம் கேட்கிறது. அந்தப் பட்டியலுக்குப் பெயர் பிளான். நாம் சம்மதித்த பிறகே அப்ளை. ஏற்கெனவே கையால் கட்டிய டொமைனையும் இதற்குள் கொண்டுவரலாம்: 2023 ஜூனில் வந்த 1.5 பதிப்பிலிருந்து, இன்ன டொமைனை இன்ன பெயரில் உள்ளே எடுத்துக்கொள் என்று கோப்பிலேயே ஓர் இம்போர்ட் பகுதியாக எழுதிவிட முடிகிறது. பழைய எலாஸ்டிக்சர்ச் பெயரில் கோப்பு எழுதி வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழிதான் கைகொடுக்கும். 2021 செப்டம்பரில் அமேசான் தன் சேவையின் பெயரை ஓப்பன்சர்ச் என்று மாற்றியபோது டெராஃபார்மில் அதற்குப் புதிய வகைப்பெயர் வந்தது. பழையதை ஸ்டேட்டிலிருந்து (கருவியின் நினைவுக் கோப்பிலிருந்து) எடுத்துவிட்டுப் புதிய பெயரில் இம்போர்ட் செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் டொமைனை இம்போர்ட் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தை மாதம், அறுவடை நேரம், தளத்தில் கூட்டம் இல்லாத சமயம். கன்சோலில் தெரிந்தவற்றைப் பார்த்துப் பார்த்து நான் கோப்பை எழுதியிருந்தேன். பிளானை ஓட்டியதும் திரை நிறைய வரிகள் ஓடின. பெரும்பாலானவை சின்ன வேறுபாடுகள் என்று நான் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி திரையின் அடியைத் தொட்டுக் காட்டினார். "அண்ணா, கடைசி வரியைப் பாருங்க. ஒண்ணு சேர்க்கணும், ஒண்ணு அழிக்கணும்னு போட்டிருக்கே?" மேலே போய்ப் பார்த்தால், டொமைனின் பெயருக்கு முன்னால் கழித்தல் குறியும் கூட்டல் குறியும் சேர்ந்து நின்றன. இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறேன் என்பது அதன் பொருள். காரணம் என் கோப்பில் இருந்த ஒரு விடுபாடு. டொமைன் ஒரு தனி வலையமைப்புக்குள் இருந்தது. அந்த வலையமைப்பைச் சொல்லும் பகுதியை நான் எழுதவில்லை. அந்தப் பகுதியைப் புதிதாகச் சேர்த்தாலும், இருப்பதை நீக்கினாலும் டொமைனை முழுவதுமாக மாற்றிக் கட்ட வேண்டும் என்பது சேவையின் விதி. ஆறு வரி எழுதிச் சேர்த்தோம். மறுபடி பிளான் ஓட்டினோம். அழிக்க எதுவும் இல்லை என்று வந்தது.

அன்று அப்ளைக்குச் சம்மதம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இங்கே விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலரும் தானியங்கி ஸ்னாப்ஷாட்டை (தரவின் காப்புப் பிரதியை) நம்பி இருக்கிறார்கள். இந்தச் சேவை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாகவே ஸ்னாப்ஷாட் எடுத்து, 14 நாள் வரை கட்டணமின்றி வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஸ்னாப்ஷாட்டுகள் டொமைனோடு சேர்ந்தவை. டொமைனை அழித்தால் அவையும் போய்விடும். நம்முடைய சொந்த எஸ்3 பக்கெட்டில் (அமேசானின் கோப்புச் சேமிப்பிடத்தில்) நாமே எடுத்து வைக்கும் ஸ்னாப்ஷாட் மட்டுமே டொமைன் போன பிறகும் நிற்கும். ஆகவே இம்போர்ட்டுக்கு முன்பே அந்தப் பக்கெட்டையும், அதற்குரிய அனுமதிப் பாத்திரத்தையும் (ரோல்) அமைத்து, ஒரு முறை கையால் ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். டொமைனின் பகுதியில் 'அழிப்பதைத் தடு' என்ற பூட்டையும் எழுதிவிடுங்கள். அது இருந்தால், அழிக்க வேண்டிய நிலை வரும்போது பிளானே பிழை என்று நின்றுவிடும். அந்தப் பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. டொமைனின் பகுதி முழுவதையுமே யாராவது கோப்பிலிருந்து வெட்டி எடுத்துவிட்டால், அதனுள் இருந்த பூட்டும் கூடவே போய்விடுகிறது. கருவி தடையின்றி அழிக்கும். ஆகவே பூட்டு இருக்கிறதே என்று பிளானைப் படிக்காமல் விட முடியாது.

இனி, இந்தக் கருவியால் நாங்கள் அதிகம் பயன்பெற்ற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தளத்தின் கூட்டம் மேட்டூர் அணையைப் பொறுத்தது. வழக்கப்படி ஜூன் 12 அன்று அணை திறந்தால், அதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் குறுவைக்கான தேடல் ஏறும். ஆனால் அந்த நாள் எப்போதும் வழக்கப்படி அமைவதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் அணையில் நீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. 2025-இல் மறுபடி ஜூன் 12. நாங்கள் மே மாதத்தில் தரவு நோடுகளை இரண்டிலிருந்து நான்காக உயர்த்தி, விதைப்பு முடிந்ததும் இறக்குவது வழக்கம். 2024 மே மாதம் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு உயர்த்துவதை நிறுத்தி வைத்தோம். பம்புசெட் வைத்திருந்தவர்கள் மட்டுமே குறுவை விதைத்தார்கள். மற்றவர்களின் தேடல் 110 நாளில் விளையும் ஆடுதுறை 45-ஐ விட்டு, 150 நாளுக்கு மேல் நிற்கும் சம்பா ரகங்களின் பக்கம் ஆடி மாதத்தில்தான் திரும்பியது. அப்போது கோப்பில் ஓர் எண்ணை மாற்றினோம்: 2 என்று இருந்ததை 4 ஆக்கி, பிளானைப் படித்து, அப்ளை கொடுத்தோம். புரட்டாசியில் மீண்டும் 2. ஒவ்வொரு மாற்றமும் யார், என்று, ஏன் செய்தார் என்ற குறிப்போடு கிட்டில் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியில்) நிற்கிறது. அடுத்த ஆண்டு இந்த வேலையை வேறொருவர் செய்தாலும், போன ஆண்டு என்ன நடந்தது என்பதை அவரே படித்துக்கொள்ளலாம். மாதக் கட்டணத்தில் ஒவ்வொரு நோடும் கனக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

எங்கள் நோடுகள் இரண்டு அவைலபிலிட்டி ஜோன்களில் (ஒரே பகுதிக்குள் தனித்தனியாக இயங்கும் தரவு மையங்களில்) பரவியிருப்பதால், எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இதே இடத்தில் கருவியின் பெரிய குறையும் இருக்கிறது. நோடின் வகையை மாற்றும்போது, ஓப்பன்சர்ச் சேவை நீல-பச்சை முறையைக் கையாள்கிறது: பழைய தொகுதிக்கு அருகில் புதிய நோடுகளை முழுமையாக எழுப்பி, தரவைப் பிரதி எடுத்து, பிறகு பழையதை விடுவிக்கிறது. சேவை நிற்பதில்லை, ஆனால் தரவு அதிகமாக இருந்தால் மணிக்கணக்கில் நடக்கும், அந்த நேரத்தில் தேடல் மெதுவாகலாம். தனி மாஸ்டர் நோடுகள் (தொகுதியை நிர்வகிப்பவை) உள்ள டொமைனில் தரவு நோடுகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் வழக்கமாக இது தேவைப்படாது. ஒன்று சிறு சீரமைப்பு, மற்றொன்று வீட்டையே மாற்றிக் குடியேறுவது. டெராஃபார்மின் பிளான் இரண்டையும் 'இருந்த இடத்திலேயே மாற்றம்' என்று ஒரே அலைக்குறியால் காட்டுகிறது. படிப்பவருக்கு வேறுபாடே தெரியாது. ஆகவே நாங்கள் ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன்னால், அமேசானின் கட்டளைவரிக் கருவியில் அதே மாற்றத்தை 'உலர் ஓட்டம்' முறையில் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறோம். நீல-பச்சை நடக்குமா நடக்காதா என்பதை அது சொல்லிவிடும். இந்தத் தகவல் பிளானிலேயே வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மேலும், மாற்றம் முடிவதற்கு டெராஃபார்ம் இயல்பாக 180 நிமிடம் காத்திருக்கும். அதைத் தாண்டினால் பிழை காட்டி வெளியேறும். ஆனால் சேவை தன் வேலையை நிறுத்தாமல் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். அந்தப் பிழையைப் பார்த்துப் பதறி மறுபடி அப்ளை கொடுக்காமல், கன்சோலில் நிலையைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பதே சரி.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. சேவையின் மென்பொருள் புதுப்பிப்புகள் நடப்பதற்கென்று நாள்தோறும் 10 மணி நேரக் குறைநெரிசல் சாளரம் ஒன்று உண்டு. இயல்பாக அது அந்தப் பகுதியின் நேரப்படி இரவு 10 முதல் காலை 8 வரை. நகரத்துத் தளங்களுக்கு அது பொருந்தலாம். எங்கள் பயனாளர்கள் வயலுக்குப் போவதற்கு முன், விடியற்காலை ஐந்து மணிக்கே தேடத் தொடங்குகிறார்கள். சாளரத்தின் நீளத்தை மாற்ற முடியாது, தொடக்கத்தை மட்டுமே மாற்றலாம். ஆகவே அதை மாலை 7 மணிக்கு நகர்த்தினோம். கோப்பில் உலகப் பொது நேரப்படி எழுத வேண்டும் என்பதால் 13 மணி 30 நிமிடம் என்று எழுத வேண்டும். இந்திய நேரத்தை அப்படியே எழுதிவிட்டால் ஐந்தரை மணி நேரம் பிசகி, புதுப்பிப்பு நடு இரவில் தொடங்கி விடியற்காலைக் கூட்டத்தின் மேல் வந்து விழும்.

ஸ்டேட் கோப்பைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. உலகில் என்ன இருக்கிறது என்று கருவி நினைவில் வைத்திருக்கும் கோப்பு அது. முதன்மைப் பயனரின் கடவுச்சொல்லைக் கோப்பில் கொடுத்து டொமைனைக் கட்டினால், அந்தக் கடவுச்சொல் ஸ்டேட் கோப்பில் மறைக்கப்படாமல் அப்படியே எழுதப்பட்டுவிடும். கணினித் திரையில் மறைத்துக் காட்டுவதைப் பார்த்து, கோப்பிலும் மறைந்திருக்கும் என்று நம்புபவர்கள் உண்டு, அது தவறு. நாங்கள் கடவுச்சொல்லையே கைவிட்டு, முதன்மைப் பயனராக ஓர் ஐஏஎம் பாத்திரத்தை (அமேசானின் அனுமதி அமைப்பில் உள்ள ரோலை) வைத்துவிட்டோம். ஸ்டேட்டைப் பதிப்புகள் பாதுகாக்கப்படும் பக்கெட்டில், மறைகுறியாக்கத்தோடு வைத்திருக்கிறோம். ஓப்பன்டோஃபுவுக்கு நாங்கள் மாறியதற்கு இதுவே முதல் காரணம்: 2024-இல் வந்த அதன் 1.7 பதிப்பு, ஸ்டேட் கோப்பைக் கருவியே மறைகுறியாக்கி எழுதும் வசதியைத் தந்தது. உரிமம் இரண்டாவது காரணம். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் தன் திறந்த மூல உரிமத்தைக் கைவிட்டு வணிகக் கட்டுப்பாடுகள் உள்ள உரிமத்துக்கு மாறியது; அதை ஏற்காதவர்கள் பிரித்தெடுத்த கிளைதான் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளரும் ஓப்பன்டோஃபு. எங்களைப் போன்ற பயனாளருக்குப் புதிய உரிமத்தால் நேரடியாக எந்தத் தடையும் இல்லை. ஆனாலும், எலாஸ்டிக்சர்ச்சின் உரிமம் 2021-இல் மாறியதால் பிறந்த ஓப்பன்சர்ச்சை நம்பித் தொழில் செய்பவர்கள் நாங்கள். கருவியும் அதே போலத் திறந்ததாக இருப்பதே எங்களுக்கு நிம்மதி.

ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமலிருக்க ஸ்டேட்டுக்குப் பூட்டு உண்டு. ஓர் ஐப்பசி மாலை, இடியும் மழையுமாக இருந்தபோது, அப்ளை ஓடிக்கொண்டிருக்கையில் எங்கள் தெருவில் மின்சாரம் போனது. மடிக்கணினியில் மின்கலம் இருந்தது, ரவுட்டர் அணைந்தது. மறுநாள் பிளான் ஓட்டினால், பூட்டு இன்னும் எடுக்கப்படவில்லை என்று ஒரு நீண்ட எண்ணோடு பிழை வந்தது. அந்த எண்ணைக் கொடுத்துக் கட்டாயமாகப் பூட்டைத் திறக்கலாம். ஆனால் வேறு யாரும் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே திறக்க வேண்டும். டொமைனுக்கு எதுவும் ஆகவில்லை. அன்றிலிருந்து அப்ளையை எங்கள் மேசையிலிருந்து ஓட்டுவதே இல்லை; மும்பையிலேயே இருக்கும் ஒரு சிறு இயந்திரத்திலிருந்து ஓட்டுகிறோம்.

அந்த இயந்திரம் வேறொன்றுக்கும் பயன்படுகிறது. டொமைன் தனி வலையமைப்புக்குள் இருப்பதால், உள்ளே உள்ள இண்டெக்ஸ் வார்ப்புகளையும் (டெம்ப்ளேட்) பயனர் உரிமைகளையும் வெளியிலிருந்து தொட முடியாது. அவற்றுக்கென்று ஓப்பன்சர்ச் திட்டமே தனியாக ஒரு புரொவைடரை (டெராஃபார்மை ஒரு சேவையோடு இணைக்கும் சொருகியை) தருகிறது. அதை டொமைன் இருக்கும் அதே கோப்புறையில் வைக்காதீர்கள்: டொமைன் பிறப்பதற்கு முன் அதன் முகவரி இருக்காது, முகவரி இல்லாமல் இந்தப் புரொவைடர் பேசாது. இரண்டு கோப்புறை, இரண்டு ஸ்டேட். ஸ்னாப்ஷாட் பக்கெட்டை டொமைனிடம் பதிவு செய்வதும், பழைய இண்டெக்ஸ்களை நீக்கும் விதிகளும், வார்ப்புகளும் இரண்டாவதில்.

ஆனால் இண்டெக்ஸையே அதில் எழுதக் கூடாது என்று முதலில் சொன்னேன். காரணம் தமிழோடு தொடர்புடையது. நாங்கள் பயன்படுத்தும் பதிப்பில், இந்திக்கும் வங்காளத்துக்கும் ஆயத்த அனலைசர் (சொற்களைத் தேடலுக்கேற்பப் பிரித்துச் சீராக்கும் பகுதி) இருக்கிறது, தமிழுக்கு இல்லை. ஆகவே நாங்களே ஒன்றைக் கட்டிக்கொண்டோம். சேவையில் உள்ள, யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு சொருகி எங்களைக் காப்பாற்றியது. 'பொன்மணி' என்ற ரகத்தின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'பொ' என்பதில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வரலாம். எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக, இரண்டு குறியீடாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பழைய தட்டச்சு முறையிலிருந்து மாற்றிய பட்டியலில் ஒரு கடைக்காரர் பொன்மணி வைத்திருந்தும், தேடியவருக்கு 'இருப்பு இல்லை' என்று வந்தது இதனால்தான். ஐசியு நார்மலைசர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதே பொன்மணிதான் சி.ஆர். 1009, ஒடிசாவில் சாவித்திரி. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களுக்கு ஊர்ப் பெயரும் உண்டு, 'ஏடிடி' என்ற சுருக்கமும் உண்டு. இவற்றுக்கு இணைச்சொல் பட்டியல் வேண்டும், அது ஒவ்வொரு பருவத்திலும் வளரும். பட்டியலைத் தேடும் நேரத்தில் பொருத்தினால் இண்டெக்ஸைத் தொடாமல் வளர்க்கலாம். பதியும் நேரத்தில் பொருத்தினால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும்.

ஏற்கெனவே உள்ள ஒரு புலத்தின் அனலைசரை மாற்ற ஓப்பன்சர்ச் அனுமதிக்காது. புதிய இண்டெக்ஸ் கட்டி, தரவை அதற்கு நகர்த்தி, பெயர்ச்சுட்டியைப் புதியதன் மேல் திருப்புவதே முறை. இண்டெக்ஸை டெராஃபார்மில் எழுதியிருந்தால், அதே மாற்றத்தை அது 'அழித்துக் கட்டு' என்றே புரிந்துகொள்ளும். ஆவணங்கள் உள்ள இண்டெக்ஸையும் அழிக்கலாம் என்ற அமைப்பை ஒருவர் இயக்கி வைத்திருந்தால், நான்கு மாவட்டத்து இருப்பும் ஒரு நொடியில் போய்விடும். கட்டடத்துக்குப் பொருத்தமான அந்தச் சிந்தனை தரவுக்குப் பொருந்தாது. இண்டெக்ஸ் மாற்றங்களை நாங்கள் சிறு பைத்தான் நிரல்களாக எண்ணிட்டு எழுதி, வரிசையாக ஓட்டுகிறோம்.

மாற்றுக் கருவிகளையும் பார்த்தோம். அமேசானின் கிளவுட்ஃபார்மேஷனில் ஸ்டேட் கோப்பின் கவலை இல்லை. ஆனால் கிட், இணையதளப் பெயர்ப் பதிவு, எச்சரிக்கைச் செய்திகள் என்று வேறு நிறுவனங்களின் சேவைகளையும் ஒரே மொழியில் எழுத எங்களுக்கு டெராஃபார்மே வசதி. ஆன்சிபிள் இயந்திரத்துக்குள் மென்பொருள் நிறுவ நல்லது; இந்த வேலைக்கு அது பொருந்தவில்லை. எலாஸ்டிக் கிளவுடைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் டெராஃபார்ம் புரொவைடர் உண்டு, அங்கும் கட்டடத்துக்கு ஒன்று, உள்ளடக்கத்துக்கு ஒன்று என்று இரண்டாகவே பிரித்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு சித்திரையிலும், குறுவைக் கூட்டம் தொடங்குவதற்கு முன், ஒரு ஒத்திகை பார்க்கிறோம். அதே கோப்புகளை வைத்து வேறு பெயரில் ஒரு டொமைனை எழுப்பி, பக்கெட்டில் உள்ள கடைசி ஸ்னாப்ஷாட்டை அதில் மீட்டு, 'பொன்மணி' என்று இரண்டு விதமாகவும் தட்டிப் பார்க்கிறோம். போன முறை இதை முழுவதும் செய்தவர், தை மாதத்தில் திரையின் கடைசி வரியைச் சுட்டிக் காட்டிய அதே தம்பி. நான் அன்று மன்னார்குடியில் ஒரு விதைக்கடையில் பதிவு வேலையாக இருந்தேன். என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. மாலையில் சோதனை டொமைனை அழித்துவிட்டதாகவும், எல்லாக் கடைகளும் தேடலில் வந்ததாகவும் கிட்டில் குறிப்பு எழுதியிருந்தார்.